பதினான்கு டப்பா குழம்பும் அப்பாவின் கையெழுத்தும்

1

எங்கள் வீட்டு ஃப்ரீசருக்கு இப்போது மூன்று காவல் இருக்கிறது.

முதலாவது, மூடியின் மேல் ஒட்டியிருக்கும் சின்ன வெப்பமானி. உள்ளே குளிர் குறைந்தால் கத்தி ஊரைக் கூட்டிவிடும். இரண்டாவது, ஸ்விட்ச் மேல் நான் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருக்கும் செலோ டேப். மூன்றாவது, ஒரு எவர்சில்வர் டம்ளர். முக்கால் டம்ளர் தண்ணீரை உறைய வைத்து, ஐஸ் மேல் ஒரு நாணயத்தை வைத்து, உள்ளே ஓரமாக நிறுத்தியிருக்கிறேன். எப்போது திறந்து பார்த்தாலும் நாணயம் மேலேயே இருந்தால் கவலையில்லை. டம்ளரின் அடியில் கிடந்தால், நமக்குத் தெரியாமல் ஃப்ரீசர் நின்று, எல்லாம் உருகி, மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். பார்க்கப் புதிது போலத்தான் இருக்கும். தின்றால் ஆஸ்பத்திரிதான்.

சென்னையில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இதெல்லாம் கொஞ்சம் அதிகமாகத் தோன்றும். உங்களுக்கு ஃப்ரீசர் என்றால் ஃப்ரிட்ஜின் மேல்மாடி. ஒரு ஐஸ் தட்டு, ஒரு பட்டாணிப் பாக்கெட், ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தால் உள்ளே தேங்காய்த் துருவல். இங்கே அது தனிப் பிறவி. காரேஜில், ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கிற அளவுக்கு, மூடி போட்ட பெட்டியாக நிற்கும். பக்கத்தில் போய் நின்றால்தான் அதற்கு உயிர் இருக்கிறதா இல்லையா என்று தெரியும்.

அது நின்றுபோய் இந்த ஆகஸ்டோடு ஒரு வருடம் ஆகிறது. ஃப்ரீசருக்குத் திவசமா என்று சிரிப்பீர்கள். ஆனால் போன வாரம் அந்த நாள் வந்தபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நான் நாட்டிங்ஹாமுக்கு வந்து இருபத்து நான்கு வருடம். ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே எட்டு ஃப்ரீசர்கள். காலையிலும் மாலையிலும் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, எத்தனை டிகிரி என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு. ஊரார் ரத்தத்தை அப்படிப் பொத்திப் பொத்திப் பாதுகாக்கிறவள், சொந்த வீட்டு ஃப்ரீசரை இரண்டு வாரத்துக்கு மேல் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கெட்டுப்போனது குழம்பு மட்டுமாக இருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

2

அப்பா கோட்டூர்புரத்தில், ஹவுசிங் போர்டு குடியிருப்பில், இரண்டாவது மாடியில் தனியாக இருக்கிறார். எழுபத்தேழு வயது. நான் ஒரே பெண். சைதாப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் அவரை எனக்கு ‘நைனா’ என்று கூப்பிட்டுத்தான் பழக்கம். இங்கே என் மகன் அருண் அதைக் கேட்டுவிட்டு, சின்ன வயதில், தாத்தாவின் பெயரே நைனா என்று பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான்.

ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையில் அப்பா முப்பத்தைந்து வருடம் ஃபோர்மேனாக இருந்தார். சாயங்காலம் கடைசி ஆள் கை கழுவிப் போன பிறகு மெயினை இறக்குவது அவர் வேலை. கைப்பிடியைக் கீழே இழுப்பார். விழுந்துவிட்டதா என்று இன்னொரு தரம் தட்டிப் பார்ப்பார். யாராவது மெஷினை ஓடவிட்டு வெளியே போனால் மறுநாள் அந்த ஆளிடம் விளக்கக் கடிதம் எழுதி வாங்கிவிடுவார். அப்படி வாங்கிய கடிதங்கள் ஒரு ஃபைல் நிறைய இருந்தன. அவர் யாருக்கும் ஒன்றுகூட எழுதிக் கொடுத்ததில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் குரலில் கொஞ்சம் கர்வம் ஏறும்.

வீட்டுக்கும் அவர்தான் ஃபோர்மேன். இரண்டு நாள் வெளியூர் போவதென்றாலும் ஃப்ரிட்ஜைக் காலி செய்து அணைத்துவிட்டு, கதவு மூடிக்கொண்டு நாறாமல் இருக்க நடுவில் ஒரு செய்தித்தாளை மடித்துச் செருகுவோம். உங்கள் வீட்டிலும் செய்திருப்பீர்கள். அதன் பிறகு அப்பா பையோடு வாசலில் நிற்பார். நான் உள்ளே ஓடுவேன்.

“ஹாலு?”

“ஆஃப்!”

“கிச்சனு?”

“ஆஃப்!”

“பாத்ரூமு?”

“ஆஃப் நைனா!”

ஒவ்வொரு ஸ்விட்சையும் கையால் தொட்டுவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். தொடாமல் சொன்னால் எப்படியோ கண்டுபிடித்துவிடுவார். அம்மா கீழே ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டு, “பட்டறைய மூடியாச்சா இல்லியா?” என்று கத்துவார்.

அம்மா போய் நான்கு வருடம் ஆகிறது. அதுவரை அப்பாவுக்கு டீ போடக்கூடத் தெரியாது. அதன் பிறகு சமையல் கற்றுக்கொண்டார், அதுவும் யாரிடம்? நொச்சிக்குப்பம் லூப் ரோட்டில் மீன் விற்கும் மேரி அக்காவிடம். ஸ்கூட்டரில் போய் மீன் வாங்குவார். அக்கா செதில் தேய்த்துக்கொண்டே பக்குவம் சொல்வார். மறுநாள் போய் நடந்ததைச் சொல்லித் திட்டு வாங்குவார். ஒரு தரம் என்னோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோதே அக்காவின் குரல் கேட்டது. “இன்னா பெரியவரே, மீன போட்டுட்டு கரண்டிய வுட்டு கிளறினியா? அப்பால அது கொழம்பா, கூழா?” அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பட்டறையே நடுங்கிய மனிதர்.

போன வருடம் ஜூன் மாதம் ஆறு வாரத்துக்கு என்னிடம் வந்தார். நானும் என் கணவரும் பிரிந்து ஏழு வருடம். அருண் எடின்பரோவில் படிக்கிறான். அதனால் இந்த வீட்டில் சாயங்காலம் கதவைத் திறந்ததும் மசாலா வாசனை வருவதெல்லாம் நான் மறந்தே போயிருந்தேன். அந்த ஆறு வாரமும் வந்தது. நான் வேலைக்குப் போனதும் பஸ் பிடித்துப் போய் மீன் வாங்கி வருவார். இங்கத்திய கானாங்கெளுத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “குளிர்லயே கெடந்து கெடந்து இதுக்கு மூஞ்சே செத்துப்போச்சும்மா,” என்பார். ஆனால் குழம்பு வைத்தால் ஊரைத் தூக்கும்.

ஊருக்குத் திரும்பும் முன்பு எனக்காகப் பதினான்கு டப்பா மீன் குழம்பு வைத்து ஃப்ரீசரில் அடுக்கினார். ஒவ்வொன்றின் மேலும் பட்டறையில் பாகங்களுக்கு எண் போடுவது போல ‘மீ.கு. 1/14’, ‘மீ.கு. 2/14’ என்று எழுதி ஒட்டியிருந்தார். “வாரத்துக்கு ஒண்ணு எடும்மா. பதினாலு வாரம் ஓடும். அதுக்குள்ள நான் ஒரு நாலு வாட்டி போன் பண்ணிடுவேன்,” என்றார்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவரை விமானம் ஏற்றிவிட்டு வந்தேன். அதன் பிறகு ஃப்ரீசரைத் திறக்கவே இல்லை. மறதியால் இல்லை. முதல் டப்பாவை எடுத்தால் பதிமூன்றுதான் மிச்சம் இருக்கும். அது மனதுக்குப் பிடிக்கவில்லை. ரொட்டியைச் சுட்டுத் தின்றுகொண்டு, காரேஜில் பதினான்கு டப்பா இருக்கிறது என்ற நினைப்பிலேயே பசியாறினேன்.

3

அந்த வாரக் கடைசியில் அருண் அறை மாறுகிறான் என்று அவனுடைய சாமான்களை ஏற்றிக்கொண்டு எடின்பரோ போனேன். ஐந்து மணி நேரம் காரோட்டிப் போய் இறக்கி வைத்தேன். அவனும் அவன் சிநேகிதர்களும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். எனக்கு நாற்காலி போட்டார்கள், டீ கொடுத்தார்கள், விருந்தாளியிடம் பேசுவது போல வானிலையைப் பற்றிப் பேசினார்கள். சாயங்காலம் அவன், “அம்மா, நாங்க எல்லாம் வெளிய போறோம். நீ டயர்டா இருப்பேல்ல?” என்றான். டயர்டாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தங்குமிடத்துக்குப் போனேன். மறுநாள் திரும்பினேன்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், காரேஜிலிருந்து எலி செத்த வாடை வந்தது.

எலிதான் என்று நினைத்துத் துடைப்பத்தோடு போனேன். ஃப்ரீசரின் அடியிலிருந்து செம்மண் தண்ணீர் போல ஒன்று தரையில் ஓடியிருந்தது. மூடியைத் தூக்கினேன். அடுத்த நொடி வெளியே ஓடி வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு மறுபடி போய்ப் பார்த்தால் டப்பாக்கள் தண்ணீரில் மிதந்தன. மூடிகள் உப்பியிருந்தன. அப்பா எழுதிய எண்கள் மட்டும் அழியாமல் இருந்தன.

மோட்டார் போயிருந்தால் விதியே என்று விட்டிருப்பேன். ஆனால் சுவரில் பார்த்தேன். ஸ்விட்ச் அணைத்திருந்தது. இந்த ஊரில் ஸ்விட்ச் போட்டிருந்தால் அதன் மேல் விளிம்பில் சிவப்புக் கோடு ஒன்று தெரியும். அது தெரியவில்லை. தானாக நிற்கவில்லை, யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். அப்பா போன பிறகு இந்த வீட்டுக்குள் யாரும் வரவில்லை. நான் அணைக்கவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது ஸ்விட்சை அணைப்பது யார் வழக்கம் என்று எனக்குத் தெரியாதா?

கையுறையைக்கூடக் கழற்றாமல் போன் செய்தேன்.

“நைனா, கெளம்பறப்ப காரேஜுல ஃப்ரீசர் ஸ்விட்ச அணைச்சிட்டியா?”

“நான் இன்னாத்துக்கும்மா அணைக்கப் போறேன்?”

“ஊருக்குப் போறப்ப எல்லாத்தயும் அணைப்பியே. பழக்க தோசத்துல அணைச்சிருக்கே.”

“ஊட்ட பூட்டிக்கினு போனாதான அணைக்கணும்? நீதான் ஊட்லயே கீறியே. ஆள் கீற ஊட்ல எவனாச்சும் மெயின எறக்குவானா?”

எவ்வளவு சரியான கேள்வி. அந்த ஒரு கேள்வியிலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் மூக்கில் அந்த நாற்றம், கண் முன்னால் மிதக்கும் டப்பாக்கள். எனக்குத் திட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. அவரை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

“உனக்கு ஞாபகம் இல்ல நைனா. இங்க இருந்தப்பவே ரெண்டு வாட்டி கண்ணாடிய எங்க வச்சேன்னு தேடினே. மாத்திர போட்டியான்னு கேட்டா யோசிச்சே. உனக்கு வயசாயிடுச்சு. நீ பண்றது உனக்கே தெரியறதில்ல. அவ்ளோத்தயும் நீயே செஞ்சே, நீயே அழிச்சிட்டுப் போயிட்டே.”

அந்தப் பக்கம் கீழே தெருவில் யாரோ ஹாரன் அடிப்பது கேட்டது.

“இருக்கலாம்மா,” என்றார்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று போனை வைத்தேன்.

4

இங்கே ஃப்ரீசரில் இருக்கும் உணவுக்கும் காப்பீடு உண்டு. பணத்துக்காக இல்லை, எங்காவது புகார் கொடுக்காமல் ஆறாது என்பதால் விண்ணப்பித்தேன். போனில் ஒரு பெண், உள்ளே என்னென்ன இருந்தது என்று கேட்டார். குழம்பை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ‘கிரேவி’ என்று சொல்லித் தொலைத்தேன். இந்த ஊரில் கிரேவி என்றால் இறைச்சி மேல் ஊற்றிக்கொள்ளும் பழுப்பு நிறத் தண்ணீர். “பதினான்கு டப்பா கிரேவியா?” என்று அவர் இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டார். இருபத்து நான்கு வருடம் ஆகியும் எனக்குச் சோற்றை இவர்களுக்கு விளக்கத் தெரியவில்லை.

ஒரு வாரத்தில் படிவம் வந்தது. வீட்டைச் சேர்ந்தவரே அணைத்திருந்தால் காப்பீடு இல்லையாம். விருந்தாளி தவறுதலாக அணைத்திருந்தால் உண்டாம். ஆனால் விருந்தாளி அப்படிச் செய்ததாகத் தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். நான் நான்கு வரியில் ஒரு வாசகத்தை எழுதி அப்பாவுக்கு அனுப்பினேன். கீழே கையெழுத்துப் போட்டால் போதும் என்றேன்.

அவர் என் வாசகத்தை ஒதுக்கிவிட்டு, முழுத்தாளில் தானே ஆங்கிலத்தில் எழுதி, முக்குக் கடையில் ஸ்கேன் எடுத்து அனுப்பினார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: “ஐயா, கீழே கையொப்பமிட்டிருக்கும் நான், என் மகள் வீட்டிலிருந்து புறப்பட்ட அன்று கவனக்குறைவால் ஃப்ரீசர் ஸ்விட்சை அணைத்துவிட்டேன். இதற்கு வேறு யாரும் பொறுப்பல்ல. இனி இவ்வாறு நிகழாது என்று உறுதி கூறுகிறேன். தங்கள் உண்மையுள்ள.”

ஒரு ஃபைல் நிறைய வாங்கிய மனிதர், தன் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு விளக்கக் கடிதம் எழுதியிருந்தார். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. ‘இனி இவ்வாறு நிகழாது’ என்ற வரியைப் படித்துச் சிரித்தேன். அருணுக்கும் அனுப்பினேன். அவன் ஒரு சிரிக்கும் மூஞ்சியை அனுப்பினான். அதை எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது.

கடிதம் வந்த மறு வாரம் அப்பாவின் எண்ணிலிருந்து வீடியோ அழைப்பு. எடுத்தால் மேரி அக்கா. அப்பாவின் போனைப் பிடுங்கிக்கொண்டு பேசினார். பின்னால் அப்பா வெறும் பையோடு நின்றார்.

“இன்னாம்மா உமா, உங்கப்பாரு மீனே வாணான்றாரு. ரெண்டு வாரமா இந்தப் பக்கமே காணோம். இன்னிக்கி பஸ்ல வந்து சும்மா நின்னுக்கினு கீறாரு. இன்னா சமாச்சாரம்னு கேட்டா, அடுப்ப அணைக்க மறந்துடுவேன், அதான் சமைக்கறதில்லன்றாரு. யாரும்மா சொன்னது? போன கிறிஸ்மஸுக்கு மொத நாளு நான் இன்னா மீன் குடுத்தேன், அதுல எத்தினி துண்டு வால் பக்கம்னு சொல்ற ஆளும்மா இவுரு. இவுருக்கா மறதி?”

“வயசாயிடுச்சுல்லக்கா,” என்றேன்.

“வயசு யாருக்கு ஆவல? உனக்குந்தான் ஆவுது,” என்று போனை அவரிடம் கொடுத்துவிட்டார்.

பஸ்ஸில் ஏன் வந்தாய், ஸ்கூட்டர் என்னாயிற்று என்று அப்பாவிடம் கேட்டேன். கீழ் வீட்டுப் பையனிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். “ஸ்டாண்ட எடுக்காமலே போயிட்டேன்னா? சாவிய அதுலயே வுட்டுட்டேன்னா? எதுக்கு வம்பு?” ஒரு தரம் அப்படி நடந்ததா என்று கேட்டேன். நடக்கவில்லை, நடந்தால் என்ன செய்வது என்றார்.

அன்று முதல் முறையாக எனக்கு அவரை நினைத்துப் பயம் வந்தது. ஆனாலும் அது மூப்பு என்றே நினைத்துக்கொண்டேன். என் வாய் செய்த வேலை என்று தோன்றவில்லை.

5

காப்பீட்டுக்காரர்களின் கேள்வி முடியவில்லை. எந்தத் தேதியில் அணைந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டுமாம். இங்கே மின்சார மீட்டர் அரை மணிக்கொரு தரம் எவ்வளவு செலவானது என்று தானே குறித்து அனுப்பிவிடும். அதைப் பதிவிறக்கினேன். ஒன்றும் புரியவில்லை. அருணை வீடியோவில் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன்.

அவன் சுரத்தில்லாமல்தான் ஆரம்பித்தான். பிறகு குரல் மாறியது.

“அம்மா, தாத்தா ஃப்ளைட் டியூஸ்டேதானே?”

“ஆமா.”

“டியூஸ்டே, வெட்னஸ்டே, தர்ஸ்டே, ஃப்ரைடே எல்லாம் நார்மலா இருக்கு. நீ வேலைக்குப் போயிருக்கற டைம்லகூட ஃப்ரீசர் எடுக்கற கரண்ட் தெரியுது பாரு. சாட்டர்டே காலைல ஆறரைக்குத்தான் விழுது. அப்பறம் ஃப்ரீசர் கரண்ட் ஏறவே இல்ல.” தேதியை இன்னொரு தரம் பார்த்தான். “அம்மா, அன்னிக்குத்தான் நீ இங்க வந்தே.”

சனிக்கிழமை காலை ஆறரை. அருணின் பெட்டிகளைக் காரில் ஏற்றியாகிவிட்டது. வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு, ஒவ்வொரு அறையாகப் போனேன். ஹால், ஆஃப். மாடி அறை, ஆஃப். டிவி, ஆஃப். சத்தமாகத்தான் சொன்னேன். நாலு நாள் முன்புவரை அப்பா இருந்த வீடு. யாராவது வாசலில் நின்று கேட்பது போல இருந்தது, எனக்கும் பதில் சொல்லிக்கொண்டு போக ஆசையாக இருந்தது. சமையலறை ஃப்ரிட்ஜை விட்டேன், உள்ளே பால் இருந்தது. வாசல் கதவை உள்ளே பூட்டிவிட்டு, காரேஜ் வழியாக வெளியே வந்தேன். காரேஜ், ஆஃப். கையால் தொட்டுவிட்டுத்தான் சொன்னேன். திரும்பி வந்து மற்றதையெல்லாம் போட்டேன். காரேஜுக்குப் போகவில்லை.

“அம்மா? ஆர் யூ ஓகே?” என்றான் அருண்.

மறுநாள் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று காப்பீட்டுக்காரர்களுக்குப் போன் செய்தேன். அணைத்தது நான்தான் என்றேன். கிரேவியா என்று கேட்ட அதே பெண், தன் அம்மா வீட்டில் ஐஸ் மேல் நாணயம் வைப்பார்கள் என்று சொல்லிக் கொடுத்தார். மழைக்காலத்தில் இரண்டு மூன்று நாள் கரண்ட் போகும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு உறவுக்காரர் வீட்டுக்குப் போகிற உங்களுக்கும் அது உதவும். செய்து பாருங்கள். செலவே இல்லை.

6

அப்பாவிடம் சொன்னால் சிரிப்பார், திட்டுவார், மேரி அக்காவிடம் போய் என்னைப் பற்றிக் கோள் சொல்வார் என்று நினைத்தேன். அந்த நம்பிக்கையோடுதான் கூப்பிட்டேன்.

“நைனா, ஃப்ரீசர நீ அணைக்கல. நான்தான் அணைச்சேன். அருணப் பாக்கப் போறப்ப நானே அணைச்சிட்டுப் போயிட்டேன். என்ன மன்னிச்சிடு நைனா.”

“சரி வுடும்மா.”

“சரி வுடு இல்ல. நெஜமாவே நான்தான். கரண்ட் கணக்குலயே இருக்கு.”

“உமா, நான்தான் கண்ணு அணைச்சேன். எனக்கு நல்லா ஞாபகம் கீது. பொட்டி எடுக்க காரேஜுக்குப் போனேன். செவத்துல செவப்பா ஒரு கோடு தெரிஞ்சிது. இது இன்னாத்துக்கு ஓடிக்கினு கீதுன்னு கைய வச்சேன். டப்புன்னு சத்தம்கூட கேட்டுது.”

பெட்டி காரேஜில் இல்லை. மாடி அறையில் கட்டிலுக்கு அடியில் இருந்தது. நான்தான் கீழே இறக்கினேன். அன்று அவர் காரேஜ் பக்கமே போகவில்லை.

“மொதல்ல நீ இல்லன்னுதானே சொன்னே?”

“மொதல்ல ஞாபகம் வரலம்மா. அந்த லெட்டர எழுதிக்கினு கீறப்பதான் ஒவ்வொண்ணா ஞாபகம் வந்துச்சு.”

அருண் மீட்டர் கணக்கின் வரைபடத்தில் அம்புக்குறி போட்டு, தேதியைப் பெரிதாக எழுதி அனுப்பினான். அப்பா அதையும் முக்குக் கடையில் தாளாக எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். “கோடு கீடெல்லாம் போட்டு நல்லாத்தான் பண்ணிக்கீறான். என் மனசு நோவக் கூடாதுன்னு பேரனும் நீயும் சேந்து இவ்ளோ பாடுபடறீங்க. நல்ல புள்ளைங்க,” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்னைத் தேற்றினார். குழம்பு போனால் போகிறது, அடுத்த தரம் வைத்துத் தருகிறேன் என்று வாய்வரை வந்திருக்கும் போல. அதைச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டார்.

டாக்டரிடம் போகச் சொன்னேன், போனார். இந்த வயதுக்கு இவ்வளவு நல்ல ஞாபகசக்தியைப் பார்ப்பது அபூர்வம் என்று டாக்டர் சொன்னாராம். “அன்னிக்கி நல்லா இருந்துச்சு போல,” என்றார் அப்பா. மேரி அக்கா திட்டிப் பார்த்தார். நான் டிசம்பரில் பத்து நாள் லீவு போட்டுக்கொண்டு போய்ப் பக்கத்திலேயே இருந்து பார்த்தேன். ஸ்கூட்டரைத் திரும்ப வாங்கி வைத்தேன். துடைத்து வைத்திருக்கிறார், எடுப்பதில்லை. மத்தியானச் சாப்பாடு ஒரு மெஸ்ஸிலிருந்து வருகிறது. மீன் இருக்குமா என்று கேட்டேன். கேட்டிருந்தால் போட்டிருப்பார்கள், கேட்கவில்லை என்றார். குழம்பு கெட்டது தெரிந்ததும் கறுப்புப் பையில் கட்டி எறிந்துவிட்டேன், தரையைக் கழுவிவிட்டேன், முடிந்தது. அவருக்குள் நான் கெடுத்ததை எதைக் கொண்டு கழுவுவது என்று இந்த ஒரு வருடத்தில் எனக்குத் தெரியவில்லை.

இப்போது தினமும் கூப்பிடுகிறார். இங்கே பகல் பன்னிரண்டரை, எனக்குச் சாப்பாட்டு நேரம். அங்கே சாயங்காலம் ஐந்து, அவர் ஆற்றங்கரைப் பக்கம் நடக்கக் கிளம்பும் நேரம். கேன்டீனில் ரொட்டியைப் பாதி கடித்திருக்கும்போது போன் அடிக்கும். வீடியோவில் அவர் முகம் தெரியாது. முதலில் அடுப்பின் குமிழ், பிறகு குழாய், பிறகு ஒவ்வொரு அறையின் ஸ்விட்ச் போர்டு. படம் ஆடிக்கொண்டே வெளியே வரும். கதவு சாத்தும் சத்தம். பூட்டு திரை நிறையத் தெரியும். அவர் கை அதைப் பிடித்து மூன்று தரம் இழுக்கும்.

இன்றும் கூப்பிட்டார்.

“பூட்டிக்கீதா பாரும்மா.”

“பூட்டியிருக்கு நைனா.”

“நல்லா பாத்தியா?”

“பாத்தேன்.”

“அப்ப சரி,” என்றார். “நீ சொன்னா கரீட்டாதான் இருக்கும்.”